காய்ச்சலோடு வீட்டிலிருந்து வேலை, சைவச் சாப்பாடு: கேள்வி பதில்

மழைக்காலம் பிறந்துவிட்டால் ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன் முதல் தொண்டி வரை வீட்டுக்கு ஒருவர் இருமிக்கொண்டே லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர்களில் சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டவையும், அதற்கான பதில்களும் இவை.

பாம்பன்: அக்கா, வீட்டில எல்லாரும் மீன்தான், நான் மட்டும் சைவத்துக்கு மாறிட்டேன். சளி பிடிச்சா அம்மா நண்டு ரசத்தைக் கொண்டுவந்து நிக்கிறாங்க. சைவத்துல அதுக்கு ஈடா என்ன இருக்கு?

நண்டு ரசத்தில் சளிக்கு இதமாக இருப்பது சூடும் மிளகும் பூண்டும்தான் தம்பி. அது கொள்ளு ரசத்திலும் இருக்கு. நண்டுச் சதையில் கிடைக்கிற புரதத்துக்குத்தான் மாற்று தேடணும். கொள்ளுத் தண்ணியை மட்டும் இறுத்துக் குடிச்சா அது கிடைக்காது. புரதம் அடியில் கிடக்கிற கொள்ளில் இருக்கு. 50 கிராம் கொள்ளை ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் குக்கரில் நசுங்குற பதத்துக்கு வேகவைங்க. தண்ணி ரசத்துக்கு. கொள்ளைப் பூண்டு, மிளகு, ரெண்டு கீற்றுத் தேங்காயோட துவையலா அரைச்சுக் கஞ்சிக்குத் தொட்டுக்கங்க. ஏறத்தாழ 11 கிராம் புரதம். மிளகு சீரகம் இடிச்சுத் தரச் சொல்லி அம்மாகிட்ட குடுத்துருங்க, பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

உச்சிப்புளி: 9 மணிக்கு லாகின். அடுப்படியில நிக்கத் தெம்பு இல்ல, டீயும் ரஸ்க்கும்தான் ஓடுது. அரை மணி நேரத்துல முடியிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க.

டீயும் ரஸ்க்கும் மைதா, சர்க்கரை, அவ்வளவுதான். பதினோரு மணிக்குக் கை நடுங்கும், மறுபடி டீ கேட்கும். அதுக்கு இதைச் செய்ங்க.

200 மில்லி டம்ளரில் அரை டம்ளர் நொய், கால் டம்ளர் பாசிப்பருப்பு. பருப்பை வாசம் வர்ற வரை வெறும் சட்டியில் வறுத்து, ரெண்டையும் கழுவி, 5 டம்ளர் தண்ணி விடுங்க. நசுக்கின பூண்டு நாலு பல், சின்னத் துண்டு இஞ்சி, அரை ஸ்பூன் சீரகம், கால் ஸ்பூன் மிளகு. 3 லிட்டர் குக்கரில் 5 விசில். குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீங்க. கஞ்சி பொங்கி வெயிட் துவாரத்தை அடைச்சிரும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டா நுரை அடங்கும். பிரஷர் போனதும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைப் போட்டு ரெண்டு நிமிஷம் கொதிக்கவிட்டு, கடைசியில் உப்பு.

சுடச்சுட ஃபிளாஸ்க்கில் ஊத்தி மேசைப் பக்கத்திலேயே வச்சுக்கங்க. வாய் கசக்கும்போது ஒரு தட்டு இறங்காது, ஒரு கிண்ணம் இறங்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை குடிங்க. மிஞ்சினதை ஆறினதும் ஃபிரிட்ஜில் வைக்கணும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்க விடாதீங்க. சோற்றில் வளர்ற ஒருவகைக் கிருமியின் நஞ்சு திரும்பக் கொதிக்க வச்சாலும் போகாது.

சாயல்குடி: எத்தனை விசில் விட்டாலும் துவரம்பருப்பு முழுசு முழுசா நிக்குது. சோடா உப்பு போடலாமா?

குற்றம் பருப்பு மேல இல்ல, தண்ணி மேல. போர் தண்ணியில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்சுவரை இறுக்கிப் பிடிச்சுக்கும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் மட்டும் காவிரித் தண்ணியோ கேன் தண்ணியோ ஊத்திப் பாருங்க, மூணு விசிலில் குழையும். கழுவுறதுக்குப் போர் தண்ணி போதும். புளி, தக்காளியைப் பருப்பு வெந்த பிறகு சேருங்க, புளிப்பும் வேகவிடாது. சோடா உப்பு குழைய வைக்கும், ஆனா பி1 வைட்டமினை அழிச்சிரும். நோயாளிக்கு ஆக்குறப்ப வேண்டாம்.

தேவிபட்டினம்: வயித்துப்போக்கு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கப் போக ஆளில்ல. வீட்டிலேயே உப்பு சர்க்கரைத் தண்ணி எப்படி? இளநீர் போதாதா?

கொதிச்சு ஆறின 1 லிட்டர் தண்ணிக்குத் தலை தட்டின டீஸ்பூனில் சர்க்கரை 6, உப்பு அரை. அளவு முக்கியம். கடற்கரை ஓர ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு: கரிக்கிற தண்ணியில் ஏற்கெனவே உப்பு இருக்கு. அதில் மேலும் அரை ஸ்பூன் போட்டா உப்பு மிஞ்சிப்போய் உடம்பு இன்னும் வறண்டுரும், கொதிக்க வச்சாலும் கரிப்பு போகாது. நல்ல தண்ணி குடத்தில் இருந்து மட்டும் எடுங்க. ஒவ்வொரு தடவை போனதுக்கு அப்புறமும் ஒரு டம்ளர், மடக்கு மடக்கா. கலக்கினது 24 மணி நேரத்துக்கு மேல் ஆனா கொட்டிருங்க. பாக்கெட் கிடைச்சதும் அதுக்கு மாறிருங்க, முழுப் பாக்கெட்டையும் அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணியில் ஒரே தடவையா கரைக்கணும்.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கூடச் சேர்த்துக்கலாம், அதையே மருந்தா நம்பக்கூடாது. ஆறு மணி நேரமா சிறுநீர் போகல, நின்னா தலை சுத்துதுன்னா லாக் அவுட் பண்ணிட்டு 108க்கு அடிங்க.

திருப்புல்லாணி: லீவு கேட்டா, வீட்டில்தானே இருக்க, படுத்துக்கிட்டே பாருன்னு மேனேஜர் சொல்றார். எப்ப வேலை பார்க்கலாம், எப்பக் கூடாது?

தெர்மாமீட்டரில் 101க்கு மேல், மூச்சு வாங்குது, தலை சுத்துது, இதில் ஒண்ணு இருந்தாலும் லீவு. படுத்துக்கிட்டே பார்க்கிற வேலையில் தப்பு வரும். அதைத் திருத்த நாளைக்கு இன்னொரு அரை நாள் போகும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, நோய்க்கென்று வருஷத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோட விடுப்பு தருது. வாய்ப்பேச்சா விடாம மெயிலில் கேளுங்க.

லேசான சளிதான்னா, தலை தெளிவா இருக்கிற காலை ரெண்டு மணி நேரத்தில் முக்கியமானதை முடிச்சுட்டு, மீட்டிங்கை எழுத்துக்கு மாத்தச் சொல்லுங்க. இருமலுக்குப் பேச்சுதான் எதிரி.

ஒரு எச்சரிக்கை. கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முறிச்சுப்போட்ட மாதிரின்னா டெங்கு சோதனை பாருங்க. அதுவரை பாரசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் தொடாதீங்க, ரத்தக் கசிவைக் கூட்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்குற நாள்தான் ஆபத்தான நாள். சரியாப்போச்சுன்னு அன்னைக்கே லாகின் பண்றவங்கதான் அதிகம். அந்த நேரத்தில் வயித்துவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் வந்தா உடனே ஆஸ்பத்திரி.

மண்டபம்: கடல்பாசியில புரதம் கொட்டிக் கிடக்குதாமே, சைவத்துக்கு நல்லதுதானே?

கடையில் விக்கிற கடல்பாசி, அதாவது பால் ஊத்திக் கெட்டியாக்குறது, பாசியிலிருந்து காய்ச்சி எடுத்த அகர்; கிட்டத்தட்ட முழுக்க நார்தான். தொண்டை வலிக்குக் குளுகுளுன்னு இறங்கும், நல்லது. புரதம் அதில் ஊத்துற பாலில் வர்றது. கரை ஒதுங்கின பாசியை எடுத்துக் காய்ச்ச வேண்டாம்.

கீழக்கரை: டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதியிருக்கார். தயிர்ச்சோறு மட்டும்தான் இறங்குது. சேர்த்துச் சாப்பிடலாமா?

மாத்திரைக்கும் தயிருக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க. பால், தயிரில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்பில் சேராது. மாத்திரையை இட்லி, கஞ்சி மாதிரி எதையாவது சாப்பிட்டு, ஒரு முழு டம்ளர் தண்ணியோட போட்டு, அரை மணி நேரம் படுக்காம இருங்க. இல்லன்னா தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

தங்கச்சிமடம்: காரமா ரசம் குடிச்சா சளி இறங்கும்னு முண்டு மிளகாய் நாலு கிள்ளிப் போடுறோம். வயிறு எரியுது.

எரியத்தானே செய்யும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கின மிளகாய்னாலும் வெறும் வயித்துக்கு அது தெரியாது. ஒண்ணு போதும், விதையையும் உள்ளே வெள்ளையா இருக்கிற தண்டையும் எடுத்துட்டுப் போடுங்க. உறைப்பு பெரும்பாலும் அந்தத் தண்டில்தான். புளியையும் பாதியாக்குங்க.

ராமநாதபுரம்: காய்ச்சல் விட்டு ரெண்டு வாரம் ஆகியும் அசதி போகல. சைவம்தான் காரணமா?

சைவம்னு இல்ல, அதை எப்படிச் சாப்பிடுறோம்ங்கிறதுதான். கீரைச் சோறு சாப்பிட்ட கையோட டீ குடிச்சா இரும்புச்சத்து ஏறாது; ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க, கீரையில் எலுமிச்சை பிழிஞ்சுக்கங்க. பி12 செடிகொடியில் நம்புற அளவுக்குக் கிடையாது. தினம் ரெண்டு டம்ளர் பாலோ தயிரோ வேணும். பால் தொடாதவங்களுக்கு மாத்திரைதான் வழி. எதையும் வாங்குறதுக்கு முன்னால் ஹீமோகுளோபினும் பி12ம் ரத்தத்தில் பார்த்துட்டு, ரிசல்ட்டோட டாக்டர்கிட்ட போங்க.