மாட்டின் காதுவில்லை அடிக்கடி கழன்று விழுகிறது, எண்ணும் தெரிவதில்லை. என்ன செய்யலாம்?

பல வில்லைகள் விழுவதற்குக் காரணம் குத்திய இடம்தான். காதின் நடுப்பகுதியில், காதின் நீளவாக்கில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஓடும் இரண்டு குருத்தெலும்பு மேடுகளுக்கு இடையே குத்த வேண்டும். நுனியில் குத்தினால் வேலியிலோ தீவனத் தொட்டியிலோ மாட்டி, காதையே கிழித்துக்கொண்டு வந்துவிடும். காதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ரத்தக்குழாய் தெரியும். அதைத் தவிர்த்துக் குத்தச் சொல்லுங்கள்.

கன்றுக்குக் காது இன்னும் வளரும், வில்லை இறுக்கமாக இருக்கக் கூடாது.

குத்திய பிறகு பத்து நாள் தினமும் பாருங்கள். வீக்கம், சீழ், ஈ மொய்ப்பது தெரிந்தால் உடனே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். புழு வைத்த காதில் எந்த வில்லையும் நிற்காது.

எண் மங்கலாகத் தெரிந்தால் பெரும்பாலும் சாணமும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும். கம்பியால் சுரண்டினால் பார்கோடு போய்விடும்.

அப்புறம், வில்லையில் உள்ள 12 இலக்க எண்ணை இன்றே போட்டோ எடுத்து, நோட்டிலும் எழுதி வையுங்கள். வில்லை விழுந்தால் மருந்தகத்தில் சொல்லிப் புது வில்லையைப் பழைய பதிவோடு இணைக்க வேண்டும். காப்பீடு செய்த மாடென்றால் நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். வில்லை இல்லாத மாட்டுக்கு இழப்பீடு கிடைப்பது கடினம்.