அந்தக் கைதட்டல் நிஜம்தான், தம்பி

கேள்வி: அக்கா, எனக்கு 21 வயது. சின்ன வயதிலிருந்து அண்ணனும் நானும் சேர்ந்துதான் ரெஸ்லிங் பார்ப்போம். எங்கள் இரண்டு பேருக்கும் அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனமான ஏஇடபிள்யூவின் 'தி அக்ளெய்ம்ட்' டீம் என்றால் உயிர். அவர்கள் ஜெயிக்கும்போதெல்லாம் அவர்களைப் போலவே அண்ணன் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி நீட்டி என் விரலோடு கோத்துக்கொள்வான். போன மாதம் 2023-இல் வந்த ஒரு காட்சியைப் பார்த்தோம். அந்த டீமின் ஆன்டனி போவென்ஸ் "நான் கே" (தன்பாலீர்ப்பாளர்) என்கிறார், மொத்த அரங்கமும் ஆர்ப்பரிக்கிறது. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு "எல்லாம் ஸ்க்ரிப்ட்" என்று சொல்லி அடுத்த வீடியோவைப் போட்டுவிட்டான். முன்பொரு நாள் பில்லி–சக் திருமணக் காட்சியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவன் அவன். நானும் கே தான் அக்கா. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அந்த ரசிகர்கள் கத்தியது நிஜமா, அதுவும் நடிப்பா? அத்தனை பேர் ஏற்றுக்கொள்ளும்போது அண்ணனும் ஏற்றுக்கொள்வானா? தம்பியாக நினைத்துச் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம்

பதில்:

தம்பி, யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொல்லியிருக்கிறாய். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நானும் பல வருடமாக ரெஸ்லிங் பார்ப்பவள் என்பதால் உன் முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தச் சத்தம் நிஜம். யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்று முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கு யாரும் வசனம் எழுதிக் கொடுப்பதில்லை. டபிள்யூடபிள்யூஇ நிறுவனம் வருடா வருடம் நடத்தும் ராயல் ரம்பிள் போட்டி, 2015-இல் நடந்தது நினைவிருக்கிறதா? ரோமன் ரெய்ன்ஸை ஜெயிக்க வைத்து, அவர் கையைத் தூக்கிப் பிடிக்க, எல்லோருக்கும் பிடித்த நட்சத்திரம் 'தி ராக்'கையே வரவழைத்தார்கள். பிலடெல்ஃபியா கூட்டம் ராக்கை வைத்துக்கொண்டே கூச்சலிட்டு எதிர்ப்புக் காட்டியது. பிடிக்காத ஆளைக் கூட்டத்தின் தலையில் கட்ட முடியாது.

உங்கள் டீமையே எடுத்துக்கொள். 2022 செப்டம்பர் 4, ஏஇடபிள்யூவின் ஆல் அவுட் நிகழ்ச்சி. கீத் லீயும் ஸ்வெர்வ் ஸ்ட்ரிக்லேண்டும் சாம்பியன் பெல்ட்டைத் தக்க வைத்துக்கொண்டார்கள், அக்ளெய்ம்ட் தோற்றது. ஆனால் அன்றைய கூட்டம் முழுக்க அக்ளெய்ம்ட் பக்கம் நின்றது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 21-ஆம் தேதி நியூயார்க்கின் ஆர்தர் ஆஷ் ஸ்டேடியத்தில் பெல்ட் இவர்கள் தோளில். இவர்களை மேலே தூக்கியது ரசிகர்கள். போவென்ஸ் ஏஇடபிள்யூவுக்கு வருவதற்கு முன்பே தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னவர். அது தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒரே மாதிரிதான் விரலை நீட்டினார்கள்.

2023-இல் நீ பார்த்த அந்தக் காட்சி வந்தபோது, அவரை மயக்கப் பார்த்த பெண் கதாபாத்திரத்திடம் அவர் சாதாரணமாக "நான் கே" என்கிறார். கூட்டம் கொண்டாடுகிறது, அந்த வார்த்தையையே கோஷமாக்கிக் கத்துகிறது. அதை முதல் முறை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்றால் அதே வார்த்தையை அமெரிக்க அரங்குகள் வேறு விதமாகக் கத்திக் கேட்டவள் நான்.

ரெஸ்லிங்கில் பெண்மை கலந்த ஆண் என்றாலே நீண்ட காலம் வில்லன்தான். 1940-களின் கடைசியில், டிவி புதிதாக வந்த நேரத்தில், கார்ஜியஸ் ஜார்ஜ் தங்க நிறச் சுருள் முடியோடு வருவார். அவர் ஏறும் முன் உதவியாள் ரிங்குக்கு வாசனைத் திரவியம் அடிப்பார். கூட்டம் திட்டித் தீர்க்கும். திட்டுவதற்காகவே மறுபடியும் டிக்கெட் வாங்கும். பிரிட்டனில் ஏட்ரியன் ஸ்ட்ரீட். வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன், தானும் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். முகம் நிறைய மேக்கப், பளபளக்கும் உடை, எதிராளிக்கு முத்தம். 1973-இல் அந்தக் கோலத்திலேயே சுரங்க வாசலில் கரி படிந்த அப்பாவின் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட அவருடைய புகைப்படத்தைத் தேடிப் பார். அந்த இரண்டு முகங்களையும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். இவர்கள் யாரும் தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் இல்லை. ஆனால் கூட்டம் கத்திய வசவு அப்படிப்பட்டவர்களுக்கானது. 1995-இல் டஸ்டின் ரோட்ஸ் ஏற்று நடித்த கோல்டஸ்ட் பாத்திரமும் அதே வழிதான். எதிராளியைத் தடவுவார், அவன் பதறுவான், கூட்டத்திலிருந்து கெட்ட வார்த்தை வரும். டஸ்டின் ரோட்ஸ் எவ்வளவு நல்ல கலைஞர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கதை கூட்டத்துக்குச் சொல்லிக் கொடுத்தது பயத்தையும் அருவருப்பையும்தான்.

இப்போது உன் அண்ணன் சிரித்த காட்சிக்கு வருகிறேன். பில்லி கன், சக் பாலும்போ. 2002 செப்டம்பர் 12, டபிள்யூடபிள்யூஇயின் ஸ்மாக்டவுன் நிகழ்ச்சி. இருவருக்கும் திருமணம் மாதிரி ஒரு சடங்கு. ஊடகங்களில் தன்பாலீர்ப்பாளர்கள் சரியாகக் காட்டப்பட வேண்டும் என்று பாடுபடும் கிளாட் அமைப்பு அந்தக் கதையை நம்பி ஆதரவு தந்திருந்தது. கடைசி நிமிடத்தில் இரண்டு பேரும் "நாங்கள் கே இல்லை, இதெல்லாம் விளம்பரத்துக்காக" என்று பின்வாங்குகிறார்கள். நடத்தி வைக்க வந்த கிழவர் வேஷத்தைக் கலைத்தால், போட்டி நிகழ்ச்சியின் வில்லன் மேலாளர் எரிக் பிஷாஃப். அப்புறம் அடிதடி. ஏமாற்றப்பட்டோம் என்று கிளாட் வெளிப்படையாகவே சொன்னது. "கே இல்லை" என்று சொன்னதும் கூட்டம் விட்ட நிம்மதிப் பெருமூச்சுதான் அந்தக் காட்சியின் உச்சம். அதற்காகவே கட்டப்பட்ட காட்சி அது.

தம்பி, அன்று நானும் சிரித்தேன். என் பக்கத்தில் என் நெருங்கிய நண்பன் உட்கார்ந்திருந்தான். அவனும் சிரித்தான். பல வருடம் கழித்து அவன் தன்னைப் பற்றி என்னிடம் சொன்னபோது, அந்த ராத்திரியைத்தான் முதலில் சொன்னான். "நீ சிரித்தாய், அதனால் நானும் சிரித்தேன். அன்றைக்கே உன்னிடம் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்" என்றான். எனக்கு அவன் மேல் அன்று எந்த வெறுப்பும் இல்லை. எந்த மனிதனையும் மனதில் வைத்து நான் சிரிக்கவில்லை. சிரிக்கச் சொன்ன இடத்தில் சிரித்தேன், அவ்வளவுதான். ஆனால் அதற்கு அவன் கொடுத்த விலை பல வருட மௌனம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அண்ணன் அந்தக் காட்சிக்குச் சிரித்தான் என்பதை உனக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஒரு நகைச்சுவைக் காட்சிக்குச் சிரிப்பவனுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

அந்தத் திருமணக் காட்சியை எடுத்த டபிள்யூடபிள்யூஇயின் திரைக்குப் பின்னாலேயே அன்று பாட் பாட்டர்சன் இருந்தார். 1979-இல் அந்த நிறுவனத்தின் முதல் இன்டர்காண்டினென்டல் சாம்பியன், ராயல் ரம்பிளைக் கண்டுபிடித்த மூளை. லூயி டொண்டெரோ என்பவரோடு சுமார் 40 வருடம் வாழ்ந்தவர். தொழிலில் உள்ளவர்களுக்கு அது தெரியும், ரசிகர்களுக்கு யாரும் சொன்னதில்லை. 1998-இல் லூயி இறந்தார். பாட் கேமரா முன்னால் அதை வாய்விட்டுச் சொன்னது 2014-இல் ஒளிபரப்பான ஒரு நிகழ்ச்சியில், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, கண்ணீரோடு. அதற்கு முந்தைய வருடம் ஆகஸ்ட்டில் டேரன் யங் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் கேமராவோடு வந்த ஒருவர் கேட்ட கேள்விக்கு, போகிற போக்கில், "நான் கே, சந்தோஷமாக இருக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். டபிள்யூடபிள்யூஇயில் ஆடிக்கொண்டிருக்கும்போதே அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர். 2015-இல் வீராங்கனை சோன்யா டெவில், புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டபிள்யூடபிள்யூஇயின் டஃப் எனஃப் நிகழ்ச்சியிலேயே தன்னைப் பற்றிச் சொன்னார்.

எல்லோருக்கும் ஒரே பாதை என்று நினைத்துவிடாதே. லூச்சா லிப்ரே என்கிற மெக்சிகோ ரெஸ்லிங்கில் 'எக்ஸோட்டிகோ' என்று ஒரு வகை உண்டு. மேக்கப், பளபளப்பு, நளினம். பல வருடம் அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் வேஷம் போட்ட ஆண்கள். கசாண்ட்ரோ வந்து "இது வேஷம் இல்லை, நான்தான்" என்று நின்றார். 1991-இல் பெரிய நட்சத்திரமான எல் இகோ டெல் சாந்தோவோடு அவருக்கு மேட்ச் என்றதும் வந்த எதிர்ப்பில் மனிதர் உடைந்தே போனார். ஆனாலும் ரிங்கில் ஏறினார். அடுத்த வருடம் உலகப் பட்டம் வென்ற முதல் எக்ஸோட்டிகோ ஆனார். நீள வால் வைத்த கவுனோடு வருவார், பிறகு மேல் கயிற்றிலிருந்து பறப்பார். கேலி செய்ய வந்தவர்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள். தன்னை ஒரு துளிகூடக் குறைத்துக்கொள்ளாமல் ஜெயித்த ஆள். எனக்கு இவர்கள் எல்லோரிலும் அவர்தான் உயர்த்தி.

சரி, போவென்ஸின் காட்சியில் என்ன வித்தியாசம்? ரசிகர்கள் முதலில் அந்த ஆளை நேசித்துவிட்டார்கள். அந்த வார்த்தையை அவரே, அவர் வாயால், வெட்கமோ மன்னிப்போ இல்லாமல் சொன்னார். அங்கே அசடு வழிந்தது மயக்க வந்தவள்தான். இன்னொன்றையும் கவனி. போவென்ஸ் பக்கத்தில் தாடியோடு நிற்கும் அந்தப் பெரியவர் யார்? பில்லி கன். 2002-இல் "நாங்கள் கே இல்லை" என்று சொன்ன அதே பில்லி. 2023 ஆகஸ்ட் 27-ஆம் தேதி, லண்டன் வெம்ப்லி ஸ்டேடியத்தில், 81,035 பேர் வந்ததாக அறிவித்த ஆல் இன் நிகழ்ச்சியில், அவரும் போவென்ஸும் அக்ளெய்ம்டின் இன்னொருவரான மேக்ஸ் காஸ்டரும் சேர்ந்து, மூவர் அணிக்கான ட்ரையோஸ் பட்டம் வென்றார்கள். நடுவில் 21 வருடம், கிட்டத்தட்ட உன் வயது.

ஆனாலும் மொத்தமும் மாறிவிட்டது என்று சொன்னால் பொய் சொன்னவளாவேன். ஒரு ஆணும் ஆணும் காதலிப்பதை, கேலியோ திருப்பமோ இல்லாமல், பெரிய நிறுவனங்கள் கதையாகச் சொன்னது மிகவும் குறைவு. போவென்ஸுக்கே அது கிடைத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இனி அண்ணன். இங்கே உன்னோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். அரங்கத்தில் கத்துவது சுலபம் தம்பி. போவென்ஸ் அவர்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. அம்மா என்ன நினைப்பார், சொந்தக்காரர் என்ன கேட்பார் என்ற கவலை அங்கே யாருக்கும் இல்லை. உன் அண்ணனுக்கு அத்தனையும் இருக்கும். அதனால் அந்தக் கூட்டத்தை வைத்து அவனை அளக்காதே, ஆயிரக்கணக்கானவர்கள் கைதட்டினார்கள் என்ற தைரியத்தில் அவசரப்பட்டுச் சொல்லியும் விடாதே.

அதே சமயம், அவன் பேசாமல் இருந்ததை நான் கெட்டதாகப் பார்க்கவில்லை. பில்லி–சக்குக்குச் சிரித்தவன் போவென்ஸுக்குச் சிரிக்கவில்லையே! தனக்குப் பிடித்த ஒருவனைப் பற்றித் தெரியாத ஒன்று தெரிந்தபோது அவனுக்கு எதையோ யோசிக்க வேண்டியிருந்தது. "எல்லாம் ஸ்க்ரிப்ட்" என்பது வெறுப்பாக இருக்கலாம், சங்கடமாகவும் இருக்கலாம். ஒருவேளை உன்னைப் பற்றிய ஒரு சந்தேகம் அவன் மனதில் வந்து அதைத் தள்ளிவிட்ட பேச்சாகவும் இருக்கலாம். கேட்காமல் தெரியாது. ஆனால் கேட்பதை உன்னைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. "போவென்ஸ் நிஜமாகவே கே தான்டா, ஸ்க்ரிப்ட் இல்லை" என்று மட்டும் சொல்லிப் பார். உண்மையும் அதுதான். அவன் என்ன சொல்கிறான் என்று கேள். வாதம் செய்யாதே. முதலில் ஏதாவது முட்டாள்தனமாகச் சொல்லலாம், அந்த ஒரு பதிலோடு முடிவு கட்டிவிடாதே. சில வாரம் கழித்து, வேறு ஒரு மேட்ச் நடக்கும்போது, பேச்சு மறுபடியும் வரட்டும்.

சொல்லலாம் என்று எப்போதாவது தோன்றினால், அதற்கு முன் இரண்டு விஷயம். தங்குவது, படிப்பு, பணம் இவற்றுக்கு நீ வீட்டை நம்பியிருக்கிறாயா, விஷயம் வெளியே போனால் உனக்கு ஆபத்து வருமா என்று நேர்மையாக யோசி. ஆம் என்றால் காத்திருப்பதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. இரண்டாவது, அண்ணனுக்கு முன்னால் இன்னும் ஒருவராவது இதைத் தெரிந்தவராக இருக்கட்டும். நல்ல நண்பரோ, மனநல ஆலோசகரோ யாராக இருந்தாலும் சரி. அவன் பதில் எதுவானாலும் அன்று ராத்திரி நீ பேச ஒரு ஆள் வேண்டும்.

சொல்லும் நாளில் டிவியை அணைத்துவிடு. மேட்ச் நடுவில் சொன்னால் அவன் விளையாட்டாக எடுத்துக்கொள்வான், உனக்கு அது தாங்காது. சுற்றி வளைக்காமல், போவென்ஸ் சொன்ன மாதிரி இரண்டே வார்த்தையில் சொல். உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொல்லிவிடு.

ஆனால் அது எல்லாம் பிறகு. இந்த வாரம் அந்த ஆர்தர் ஆஷ் மேட்சை மறுபடியும் இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். பெல்ட் கைக்கு வரும்போது அண்ணன் விரலை நீட்டுகிறானா என்று பார். நீட்டினால் நீயும் கோத்துக்கொள், அன்றைக்கு வேறு எதுவும் பேச வேண்டாம். அப்புறம் எனக்கு எழுது.