தெரியாத நம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 28. ஊர் விசுவமடு. வவுனியாவில் வணிகம் படித்தேன். அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தபோது உள்ளே போய், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான பிறகு வெளியே வந்த ஆட்கள் நாங்கள். விடியப்புறம் பஸ் ஏறி, பரந்தனில் மாறி, வவுனியா, யாழ்ப்பாணம் என்று 11 நேர்முகத்துக்குப் போய்விட்டேன். ஒன்றும் சரிவரவில்லை. கூடப்படித்த ஒருவன் ஆள் பிடித்து உள்ளே போய்விட்டான். எனக்கு ஆள் இல்லை. சந்தியில் யாரைக் கண்டாலும் "இன்னும் சரிவரேல்லையோ?" என்று கேட்கிறார்கள். இங்கே திறமைக்கு மதிப்பில்லை அக்கா, ஆள் பிடித்தால்தான் எல்லாம்.

மாமாவின் அரிசி மில்லில் இரண்டு வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். அதை எழுத ஒருமாதிரி இருந்ததால், கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை செய்ததாகச் சுயவிபரத்தில் போட்டிருக்கிறேன். எல்லாரும் செய்கிறதுதானே, அதை விடுங்கள். இப்போது விண்ணப்பம் போடவே மனம் வருவதில்லை. தெரியாத நம்பரில் அழைப்பு வந்தால் எடுப்பதுமில்லை. வவுனியாவில் ஓரிடத்தில் அடுத்த கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கும் உற்சாகமில்லை. ஆள் பிடித்தவன் மோட்டார் சைக்கிளும் எடுத்துவிட்டான். உற்சாகம் வர என்ன செய்யலாம்?

தம்பி,

"அதை விடுங்கள்" என்றீர்கள். நான் விடப்போவதில்லை.

வேலை கிடைக்காவிட்டால் மனம் சோரும், சரி. திரும்பக் கூப்பிட்ட பிறகும் ஏன் சோர்கிறது? வேலை கிடைத்துவிடுமோ என்றுதான் நீங்கள் பயப்படுகிறீர்கள் என நினைக்கிறேன். கிடைத்தால் அந்தக் கம்பனியின் கடிதத்தைக் கேட்பார்கள். தெரியாத நம்பர் ஒவ்வொன்றும் அதைக் கேட்கிற நம்பராகவே உங்களுக்குத் தெரிகிறது.

நண்பர் மீதுள்ள கோபம் நியாயம்தான். ஆனாலும் கோபிக்காமல் கேளுங்கள்: அவர் இருக்கிற ஆளைப் பிடித்தார், நீங்கள் இல்லாத கம்பனியைப் பிடித்திருக்கிறீர்கள்.

பொய்யை விட, மில்லை ஒளித்ததுதான் எனக்குக் கவலை. காலபோக நெல் வந்து குவியும்போது அங்கே கணக்குப் பார்ப்பது சும்மாவா? ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டினால் எடையில் எவ்வளவு கழிப்பது, யாருக்கு முற்பணம் போனது, தவிடும் குறுநலும் எவ்வளவு விற்றது, காசுக்கு வாசலில் நிற்கும் கமக்காரருக்கு என்ன பதில்? இதையெல்லாம் சமாளித்தவர், கண்ணால் காணாத கந்தோரைப் பற்றிக் கேட்டால் தடுமாறத்தானே செய்வார்? 11 நேர்முகத்துக்கும் போனது அந்தக் கொழும்பு ஆள். விசுவமடுத் தம்பியை இன்னும் ஒருவரும் நேர்முகம் காணவில்லை.

வவுனியாக்காரருக்கு நீங்களே முதலில் அழைத்து உண்மையைச் சொல்லுங்கள். அந்த வேலை கைவிட்டுப் போகலாம். போகாது என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம், மாமாவிடம் ஒரு சேவைக் கடிதம் கேளுங்கள். எந்தத் திகதியிலிருந்து, என்ன வேலை என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தரட்டும். அதைக் கையில் வாங்கும்போதும் ஒருமாதிரி இருந்தால், எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.