அரசியல் வாக்குவாதத்துக்குப் பிறகு கூட வேலை பார்ப்பவர் பேசுவதில்லை, என்ன செய்வது?

எனக்கும் ஒரு மாதம் இப்படிப் போனது, அதைச் சொல்கிறேன்.

நான் திருநெல்வேலியில் அரசு பஸ் கண்டக்டர். பாபநாசம் ரூட்டில் பல வருஷமாக ஒரே டிரைவரோடு டூட்டி. அண்ணாச்சி தொமுச, அதாவது திமுக சங்கம். நான் சிஐடியு, மார்க்சிஸ்ட் கட்சி சங்கம். அரசியல் சண்டை இல்லாமல் நாங்கள் டீ குடித்ததே கிடையாது, அதனால் ஒன்றும் கெடவில்லை.

2024 ஜனவரி 9 ஸ்டிரைக். ஊதிய ஒப்பந்தம், காலியிடம், ஓய்வு பெற்றவர்களின் அகவிலைப்படி பாக்கி இதெல்லாம் கோரிக்கை. சிஐடியு, அதிமுகவின் அண்ணா தொழிற்சங்கம் எல்லாம் இறங்கினோம், தொமுச இறங்கவில்லை. அண்ணாச்சி வண்டி எடுத்தார். டெப்போ பக்கத்து டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் நான் அவரைக் கருங்காலி என்றேன். மறுநாளே உயர் நீதிமன்றத்தில் சொல்லி ஸ்டிரைக்கைத் தள்ளி வைத்துவிட்டார்கள், நான் சொன்ன சொல்லை யார் தள்ளி வைப்பது? அப்புறம் ஒரே வண்டியில் விசிலைத் தவிர எங்களுக்குள் சத்தமே இல்லை.

ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் கிளம்ப. 'ஆச்சி இறங்குது, பொறுங்க', 'பின்னால ஆட்டோ வருது', இதையெல்லாம் வாயால்தான் சொல்ல வேண்டும். பிப்ரவரி 9 தை அமாவாசை, பாபநாசத்தில் தர்ப்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பும் கூட்டத்துக்கு நடுவில் டிக்கெட் போட்டபடி மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வீரவநல்லூரில் ஒரு ஆச்சி ஈரத்துணிப் பையோடு பின்படியில் இறங்கிக்கொண்டிருக்க, கூட்டத்தில் எவனோ ஒரு பையன் விசிலடிக்க, வண்டி நகர்ந்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் அண்ணாச்சி 'ரைட்டா தம்பி?' என்று ஒரு குரல் கொடுத்திருப்பார், நானும் படியைப் பார்த்திருப்பேன். ஆச்சி விழுந்து முழங்கையெல்லாம் சிராய்ப்பு. பின் டயர் ஒரு முழத்தில் நின்றது.

அண்ணாச்சி இறங்கி வந்து தன் பாட்டில் தண்ணீரால் ஆச்சியின் கையைக் கழுவிவிட்டார். என்னைத் திட்டவில்லை. "ஏல, கட்சிக்காரன்கிட்ட பேசாண்டாம், டிரைவர்கிட்ட பேசு" என்றார்.

மறுநாள் அதே டீக்கடையில், அதே ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய் மன்னிப்புக் கேட்டேன். பத்துப் பேர் முன்னால் சொன்னதற்குத் தனியாகக் காதில் மன்னிப்புக் கேட்டால் எடுபடாது. வண்டி எடுத்தது தப்பு என்றுதான் இன்றைக்கும் அவர் முகத்துக்கு நேரே சொல்கிறேன், அவரும் பதில் சொல்கிறார். இத்தனைக்கும் அந்த ஏப்ரல் 19 தேர்தலில் எங்கள் இரண்டு சங்கத்துக் கட்சிகளும் ஒரே கூட்டணி, அதை நினைத்தால் இப்போதும் மனசு உறுத்துகிறது.

ஆனால் கட்சியைப் பார்த்து டூட்டி மாற்றுவது, லீவு மறுப்பது இதெல்லாம் கருத்து வேறுபாடு கிடையாது. அப்படி நடந்தால் விட்டுக்கொடுக்காதீர்கள், எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

உங்கள் விஷயத்தில், வாக்குவாதத்தில் கட்சியைச் சொன்னீர்களா, அவரையே சொன்னீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அவரைச் சொல்லியிருந்தால் முதலில் போய் அதைத் திரும்ப வாங்குங்கள். இல்லையென்றால் நாளைக்கே வேலை விஷயமாக அவருக்குத் தெரிந்த ஒன்றை வாய் திறந்து கேளுங்கள், வாட்ஸப்பில் வேண்டாம்.