மாற்றுத்திறன் பிள்ளைங்க தங்களுக்குத் தாங்களே இலக்கு வைக்க ஆப் உதவுமா? கேள்வி பதில்

கேள்வி: பொண்ணுக்கு 11 வயசு, அறிவுசார் குறைபாடு. இலக்குன்னா என்னன்னே அவளுக்குத் தெரியாது. எந்த ஆப் போடலாம் மேடம்?

பதில்: ஆப் அப்புறம்ங்க. அவ தினமும் செய்யற வேலைங்களை நாலஞ்சு ஃபோட்டோ எடுத்து, "இதுல எதை நீயே தனியா செய்யணும்?"னு கேட்டு தொடச் சொல்லுங்க. ஷூ லேஸ் படத்தைத் தொட்டான்னா அதுதான் இலக்கு, கணக்கு வரலையேன்னு உங்க மனசு அடிச்சுக்கிட்டாலும் அதை இப்போதைக்கு ஓரமா வைங்க. 2000ல சிறப்புக் கல்வி ஆராய்ச்சியாளர் மைக்கேல் வேமேயரும் கூட இருந்தவங்களும் வெளியிட்ட ஒரு கற்பித்தல் முறை இருக்கு, அதுல பிள்ளை மூணே கேள்விக்கு விடை தேடும்: என் இலக்கு என்ன, என் திட்டம் என்ன, நான் என்ன கத்துக்கிட்டேன். இந்த மூணையும் உங்க குரல்ல ரெக்கார்ட் பண்ணி படத்தோட சேத்து வச்சுட்டா, படிக்கத் தெரியாட்டியும் அவளே அமுக்கி கேட்டுக்குவா.

கேள்வி: ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காம துறுதுறுன்னு இருக்கற குறைபாடு) பையன், எட்டாவது. இலக்கு அழகா எழுதறான், ரெண்டு நாள்ல மறந்துடறான்.

பதில்: "நல்லா படிப்பேன்"னு எழுதிருப்பானே? அதை "வீட்டுப்பாடத்துல முதல் 10 நிமிஷம் எந்திரிக்க மாட்டேன்"னு சுருக்கச் சொல்லுங்க சார். வாட்ச்லயோ ஃபோன்லயோ வைப்ரேஷன் மட்டும் வர்ற மாதிரி ரிமைண்டர் வைங்க, அதிரும்போது "நான் இப்ப வேலைலதான் இருக்கேனா?"ன்னு தன்னையே கேட்டு ஆமா இல்லைன்னு அவன் கையால டிக் போடணும். டிக்கை நீங்க போட்டா அது உங்க கண்காணிப்பாயிடும், அவன் தன்னைக் கவனிக்கப் பழகவே மாட்டான்.

கேள்வி: பையனுக்கு பார்வை சுத்தமா கிடையாது. ஸ்கூல்ல குடுத்த ஆப்ல முன்னேற்றம் பச்சை சிவப்பு கலர்லதான் தெரியுது.

பதில்: அது அவனுக்கு ஆகாது. ஃபோன் திரைல இருக்கறதை வாசிச்சுக் காட்டற டாக்பேக்கோ (ஆண்ட்ராய்டு) வாய்ஸ்ஓவரோ (ஐஃபோன்) ஆன் பண்ணி, நீங்க கண்ணை மூடிக்கிட்டு அந்த ஆப்ல ஒரு இலக்கைப் பதிஞ்சு பாருங்க, முடியலைன்னா வேற தேடுங்க. தினமும் ஒரு வாய்ஸ் நோட் போட்டு வாரக் கடைசில வரிசையா கேக்கறதே நல்ல பதிவுதான்.

கேள்வி: எம்பையன் பேசமாட்டான், டேப்லெட்ல படத்தைத் தொட்டுதான் சொல்லுவான். அவன் எப்படி இலக்கு வைப்பான்?

பதில்: அந்த டேப்லெட்ல "வேணாம்", "வேற", "கஷ்டமா இருக்கு", "மாத்தணும்" எல்லாம் இருக்கான்னு பாருங்கம்மா. பல பிள்ளைங்களுக்கு கேக்கறதுக்கு மட்டும்தான் பட்டன் இருக்கும், மறுக்கறதுக்கு இருக்காது, அப்ப நாம நீட்டறதையெல்லாம் தொட்டுடுவான், நாமளும் அவனே தேர்ந்தெடுத்தான்னு சந்தோஷப்பட்டுக்குவோம். எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற விஷயம் இது. அந்த பட்டனை இன்னிக்கே சேத்துடுங்க, "வேணாம்" தொட்டா நெஜமாவே விட்டுடுங்க.

கேள்வி: ஸ்டார், பாயிண்ட் குடுக்கற ஆப் ஓகேவா?

பதில்: ஆரம்பத்துக்கு ஓகே. பாயிண்ட் குறைக்கற ஆப்னா வேண்டாம்.

கேள்வி: முன்னேற்றத்தை எப்படி அளக்கறது? இலக்கை எட்டலைன்னா?

பதில்: 1968ல கிரெசுக், ஷெர்மன்னு ரெண்டு பேர் கொண்டுவந்த அளவுகோல் இருக்கு, -2ல இருந்து +2 வரைக்கும், நாம எதிர்பாக்கற நிலை 0. முதல் கேள்வில வந்த பொண்ணோட ஷூ லேஸையே எடுத்துக்கங்க: முதல் முடிச்சு மட்டும் போட்டா -1, ஒரு ஷூவுக்கு முழுசா கட்டினா 0, ரெண்டுக்கும் கட்டினா +1. அஞ்சு நிலைக்கும் அஞ்சு ஃபோட்டோ வச்சா, தான் எங்க நிக்கறோம்னு பிள்ளையே காட்டும். பல நாளா -1லயே நின்னா இலக்கை மாத்தறதா, கட்டற விதத்தை மாத்தறதான்னு அவகிட்டயே கேளுங்க. வெல்க்ரோ ஷூ போதும்னு சொன்னாலும் அதுவும் ஒரு முடிவுதான், அடுத்த படத்துக்குப் போங்க.