கடன் பாக்கி இருந்தால் செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்குமா?

கே: அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் மகனுக்கு வர்ஜீனியாவில் ராணுவ ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வேலை உறுதியாகியிருக்கிறது. செக்யூரிட்டி கிளியரன்ஸ் (அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி) வந்தால்தான் சேர முடியுமாம். வேலையில்லாமல் இருந்த வருடத்தில் கிரெடிட் கார்டுகளில் 22,000 டாலர் பாக்கி விழுந்துவிட்டது. மறுத்துவிடுவார்களா?

ப: இத்தனை டாலருக்கு மேல் கடன் இருந்தால் கிடையாது என்று விதி எதுவும் இல்லை. மூன்று லட்சம் டாலர் வீட்டுக்கடனைத் தவணை தவறாமல் கட்டுகிறவருக்குச் சிக்கல் வராது. 5,000 டாலரை வருடக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டவர் மாட்டிக்கொள்வார். கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவு செய்ய 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் உள்ள 13 நெறிகளில் ‘எஃப்’ பிரிவு பண விஷயத்துக்கானது. பணமுடையில் இருப்பவரை விலைக்கு வாங்குவது எளிது என்ற பயம் அதற்குள் இருக்கிறது. காரணமில்லாத பயமல்ல. சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985இல் கடன் நெருக்கடியில் இருந்தபோதுதான் 50,000 டாலர் கேட்டு சோவியத் தூதரகத்துக்குள் நுழைந்தார்.

வேலை போனது கையை மீறிய காரணம் என்று அந்த நெறியே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதற்குப் பிறகு உங்கள் மகன் பொறுப்பாக நடந்தாரா என்று பார்ப்பார்கள். ஆகவே விசாரணை வருமுன் கடனைச் சரிசெய்யும் வேலையைத் தொடங்கட்டும். கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் நிறுவனங்கள் மூன்றின் அறிக்கைகளும் வாரம் ஒருமுறை இலவசம். மூன்றையும் எடுத்து, கடன் இப்போது யார் கையில் இருக்கிறது என்று பார்த்து (வங்கி அதை வசூல் நிறுவனத்துக்கு விற்றிருக்கலாம்), தவணைத் திட்டத்தை எழுத்தில் வாங்க வேண்டும். மாதம் 150 டாலர்தான் முடியும் என்றால் அதையே தவறாமல் கட்டி ரசீது வைக்கட்டும். ‘வேலை கிடைத்ததும் கட்டுகிறேன்’ என்ற வாக்குறுதியைவிட ஆறு மாத ரசீதுக்கு மதிப்பு அதிகம்.

இரண்டு இடங்களில் பலர் தவறுகிறார்கள். காலாவதியாகி அறிக்கையிலிருந்து மறையட்டும் என்று காத்திருப்பதைக் கடனை அடைக்கும் நல்லெண்ண முயற்சியாக, கிளியரன்ஸ் வழக்குகளைப் பார்க்கும் மேல்முறையீட்டு வாரியம் ஏற்பதில்லை. அடுத்து, பாதித் தொகைக்கு முடித்துக்கொண்டால், 600 டாலரோ அதற்கு மேலோ தள்ளுபடியானதற்கு 1099-சி என்ற வரிப் படிவம் வரும். அது பெரும்பாலும் வருமானமாகக் கணக்கிடப்படும். வரிக் கணக்கில் காட்டாமல் விட்டால் கார்டு பாக்கியைவிடப் பெரிய தலைவலி, ஏனென்றால் வரிக் கணக்கு தாக்கல் செய்யாதவர்களை இந்த விசாரணை மிகக் கடுமையாகப் பார்க்கும். திருப்பித் தர வேண்டிய பணம் அரசிடம் இருந்தாலும் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

கே: ஊரில் இருந்தபோது அத்தை மகனின் கல்விக்கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் கட்டவில்லை. அமெரிக்க அறிக்கையில் அது வராதே, படிவத்தில் எழுத வேண்டுமா?

ப: எழுதுங்கள். கிளியரன்ஸுக்கு நிரப்பும் எஸ்.எஃப்.-86 படிவத்தின் 26ஆம் பகுதி, கடந்த 7 ஆண்டுகளில் 120 நாட்களுக்கு மேல் பாக்கி நின்ற எந்தக் கடனையும் கேட்கிறது. ஜாமீன் போட்டவருக்கும் அது பொருந்தும். கடன் எந்த நாட்டில் என்ற விலக்கு கிடையாது. பாக்கியை விளக்கிவிடலாம். மறைத்தது தெரிந்தால் நேர்மை குறித்த ‘இ’ பிரிவும் சேர்ந்துகொள்ளும். தெரிந்தே பொய் எழுதினால் 5 ஆண்டுவரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. வங்கியில் கடன் கணக்கு அறிக்கை வாங்கி, யார் எவ்வளவு கட்டுவது என்று அத்தை வீட்டாரிடம் பேசி, அந்த ஏற்பாட்டைக் காகிதத்தில் வையுங்கள்.

கே: ஒப்பந்த நிறுவன ஊழியன் நான். கிளியரன்ஸை ஏன் மறுக்கலாம் என்று காரணங்களை அடுக்கும் ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் ரீசன்ஸ்’ கடிதம் வந்திருக்கிறது. எல்லாம் முடிந்ததா?

ப: முடியவில்லை. கையில் கிடைத்ததிலிருந்து 20 நாட்களுக்குள், உறுதிமொழியுடன் பதில் தர வேண்டும். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக ‘ஒப்புக்கொள்கிறேன்’ அல்லது ‘மறுக்கிறேன்’ என்று எழுதி, ரசீதுகளை இணையுங்கள்; மொத்தமாக மறுத்தால் செல்லாது. நீதிபதி முன் நேரில் பேச விரும்பினால் விசாரணை வேண்டும் என்று அதே பதிலில் கேட்டுவிடுங்கள்.