வாசகர் கேள்வி பதில்: பழைய ஏ.டி.வி.யை மின்வண்டியாக மாற்றலாமா?

கேள்வி: வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலை அடிவாரத்தில் எங்களுக்கு மாந்தோப்பும் தென்னந்தோப்பும் உள்ளன. மூடப்பட்ட ஒரு விடுதியிலிருந்து வாங்கிய கரடுமுரடான பாதையில் ஓடும் 250 சி.சி. நான்கு சக்கர ஏ.டி.வி.யில்தான் உரமூட்டையும் மாங்காய்க் கூடையும் ஏற்றிச் செல்வோம். இப்போது என்ஜின் பழுதாகிவிட்டது. உதிரிப் பாகங்களும் கிடைக்கவில்லை. நாளொன்றுக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் அது ஓடாது. அதை மின்சாரத்துக்கு மாற்றலாமா? எந்த மோட்டாரும் எவ்வளவு பேட்டரியும் தேவைப்படும்? (வாசகர், வாடிப்பட்டி)

பதில்: தாராளமாக மாற்றலாம். குறைந்த தூரம், குறைந்த வேகம், மாலையில் வீடு திரும்பும் வழக்கம் ஆகிய மூன்றும் மின்வண்டிக்கு ஏற்றவை. ஆனால் செலவு செய்வதற்கு முன்பு சேசிஸில் வெல்டிங் விட்டிருக்கிறதா, பின் அச்சின் பேரிங்குகளும் பிரேக்கும் நன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை கெட்டிருந்தால் இந்த வண்டியில் பணம் போட வேண்டாம்.

பழைய என்ஜின் 15 முதல் 20 குதிரைத்திறன் தந்திருக்கும். அதே அளவுக்கு மோட்டார் தேடுவதில்தான் பலருடைய பணம் வீணாகிறது. வண்டி, ஓட்டுபவர், சுமை எல்லாம் சேர்த்து 450 கிலோ என்று வைத்துக்கொண்டால், சமமான மண்பாதையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல ஏறத்தாழ 2 கிலோவாட் போதும். ஐந்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில்கூட 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்குச் சக்கரத்தில் 3 கிலோவாட்டுக்குள்தான் தேவைப்படுகிறது. எனவே 5 கிலோவாட் பி.எல்.டி.சி. (கார்பன் பிரஷ் இல்லாத நேர்மின்சார) மோட்டார் உங்களுக்கு நிறைவாகவே இருக்கும்.

அந்த மோட்டார் ஏற்றத்தில் திணறுமா, திணறாதா என்பதைப் பல்விகிதமே, அதாவது மோட்டாரின் சுற்றை எத்தனை மடங்கு குறைத்துச் சக்கரத்துக்குத் தருகிறோம் என்பதே, தீர்மானிக்கிறது. இவ்வகை வண்டிகளில் கியர்பாக்ஸும் என்ஜினும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால், என்ஜினைக் கழற்றும்போது கியரும் போய்விடும். மோட்டாரிலிருந்து நேராகப் பின் அச்சுக்கு ஒரே செயின் போட்டால் விகிதம் போதாமல், ஏற்றத்தில் மோட்டார் சுற்ற முடியாமல் சூடேறும். நடுவில் ஓர் இடைத்தண்டு வைத்து, முதலில் 12 பல்லுக்கு 36, அடுத்து 11 பல்லுக்கு 44 என்று இரண்டு கட்டமாகக் குறைத்தால் மொத்த விகிதம் 12 ஆகும். மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது வண்டி சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். இடைத்தண்டையும் அதன் பேரிங் தாங்கிகளையும் மதுரையில் உள்ள நல்ல லேத் பட்டறை எதிலும் கடைந்து வாங்கலாம். இரண்டு செயின்களும் ஒரே நேர்க்கோட்டில் ஓடுகின்றனவா என்பதை நூல் பிடித்துப் பார்த்த பிறகே போல்ட்டை இறுக்குங்கள்.

பேட்டரியைப் பொறுத்தவரை, லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் 16-ஐத் தொடராக இணைத்த 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி அளவைப் பரிந்துரைக்கிறேன். அதில் 5 யூனிட் அடங்கும்; உங்கள் நாளோட்டத்துக்கு மேடு பள்ளங்களையும் சேர்த்து 3 யூனிட்டுக்கு மேல் ஆகாது. செல்களின் எடை 32 கிலோ அளவில்தான் என்பதால், கழற்றிய என்ஜினோடு ஒப்பிட்டால் வண்டி பெரிதாகக் கனக்காது.

பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வீட்டு எம்.சி.பி.யை (மின்சாரம் மிகும்போது தானே துண்டிக்கும் சுவிட்சை) இங்கே பொருத்தக் கூடாது. மாறுதிசை மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி தானே அணைகிறது. நேர்மின்சாரத்தில் அந்த இடைவெளியே கிடையாது என்பதால் பொறி தொடர்ந்து எரியும். நேர்மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்ட ஃபியூஸைப் பேட்டரியின் அருகிலேயே வையுங்கள். மோட்டாரை இயக்கும் கண்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும்போது நேராக இணைத்தால் கான்டாக்டரின் (பேட்டரியை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்சின்) முனைகள் பொரிந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு ரெசிஸ்டர் வழியாக முதலில் அவற்றை நிரப்பிய பிறகே கான்டாக்டர் மூடும்படி அமைக்க வேண்டும்.

சரிவில் இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலை செய்து பேட்டரிக்குச் சிறிது மின்சாரத்தைத் திருப்பித் தரும். ஆனால் பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கும் வேளையில், பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகையான பி.எம்.எஸ். அந்த மின்சாரத்தைத் துண்டித்துவிடலாம். அந்தக் கணத்தில் மோட்டாரின் பிடிப்பும் போய்விடும். ஆகவே பழைய பிரேக்கை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள்.

கேள்வி: ஈய அமில பேட்டரி மலிவாக இருக்கிறதே, அதைப் போடலாமா? எங்கே, எப்போது சார்ஜ் செய்வது? (வாசகர், சோழவந்தான்)

பதில்: வேண்டாம். 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரிகள் 120 கிலோ அளவுக்குக் கனக்கும். நீடித்து உழைக்க வேண்டுமானால் அதில் பாதியைத்தான் செலவழிக்க முடியும். லித்தியம் செல்களுக்கு, 58.4 வோல்ட்டில் நிற்கும் அவற்றுக்குரிய சார்ஜரையே வாங்குங்கள். சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில், வண்டி வந்து நின்றதும் சார்ஜில் போடாமல் சூடு தணிந்த பிறகு இரவில் போடுவது செல்களுக்கு நல்லது. முழுதாக ஏற்ற சுமார் 6 யூனிட் ஆகும். பம்புசெட்டுக்கென வழங்கப்பட்ட இலவச இணைப்பிலிருந்து எடுக்காமல், வீட்டு இணைப்பிலிருந்தே எடுங்கள்.

கேள்வி: மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டலாமா? (வாசகர், அலங்காநல்லூர்)

பதில்: பதிவுச் சான்று இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட, 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருவதில்லை, பஞ்சாயத்துச் சாலையும் பொதுச் சாலைதான். பதிவு பெற்ற வண்டியாக இருந்தாலும், அதன் சான்றில் உள்ள விவரம் மாறும்படி எதையும் மாற்றுவதை 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வண்டியை மின்சாரத்துக்கு மாற்றும் தொகுப்புகளுக்கு ஏ.ஐ.எஸ். 123 என்ற தரவிதி உண்டு. பட்டறையில் நாமே சேர்த்த அமைப்பு அந்தச் சோதனைகளைக் கடந்ததாகாது. இரண்டு தோப்புகளுக்கு இடையே சாலை குறுக்கிட்டால், டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி மறுபக்கம் இறக்கிக்கொள்ளுங்கள்.